மார்க்கெட் பையும் ஒரு கப் காபியும்

காலை பதினொரு மணி. வலது கைப் பையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும். இடது கையில் வாழை இலையில் கட்டிய பூப்பொட்டலம். வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. பையின் காது விரல்களை அறுக்கிறது. வீட்டுக்குப் போனால் உடனே அடுப்படி. ‘எங்கேயாவது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தால் தேவலை’ என்று மனசு கெஞ்சுகிறது. இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு ஏற்பட்டதுண்டா? ஏற்படாமல் எப்படி இருக்கும்!

ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. தெருவுக்குத் தெரு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. போகிற போக்கில் உட்காருவார்கள், பேப்பரைப் புரட்டுவார்கள், ஊர் வம்பு பேசுவார்கள், எழுந்து போவார்கள். ‘ஏன் உட்கார்ந்தாய்?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாம் உட்கார்ந்தால்? துணைக்கு யார் என்று தேடுகிற கண்கள் நாலு புறமும் முளைத்துவிடும்.

இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு என்னுடன் புதுச்சேரிக்கு வாருங்கள். கடற்கரைக்கும் ஆசிரமத்துக்கும் பிறகு போகலாம். முதலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவோம்.

மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது பெரிய மார்க்கெட். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் கிராண்ட் பஜார். யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராக 1963-ல் பதவி ஏற்ற எதுவார் குபேரின் நினைவாகக் ‘குபேர் அங்காடி’ என்று பெயர் மாறியது. ஆனால் உள்ளூர் ஜனங்கள் வாயில் அது அன்றும் இன்றும் ‘பெரிய மார்க்கெட்’தான். பெயர்ப் பலகையைச் சர்க்கார் மாற்றலாம். கூடை தூக்கும் அம்மாளின் நாக்கை மாற்ற முடியுமா?

நடுவில் மணிக்கூண்டு. சுற்றிலும் காய்கறி, பழம், பூ, மளிகை, பாத்திரம். ஒரு பக்கம் மீன். அங்கே விற்கிற பெண்களின் குரலுக்கு முன்னால் எந்த ஒலிபெருக்கியும் நிற்காது. பேரத்தில் அவர்களை ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து நமஸ்காரம் செய்கிறேன்.

பக்கத்துத் தெருவுக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761-ல் தாம் காலமாகும் வரையில் தினக்குறிப்பு எழுதி வைத்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதிய அந்த மனிதரின் மாளிகையும் இந்த மார்க்கெட்டுக்கு அருகேதான். ஊர் வம்புக்கும் இந்தப் பேட்டைக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதல்ல!

மார்க்கெட்டை விட்டு நேரு வீதியில் சில நிமிஷம் நடந்தால் இந்தியன் காபி ஹவுஸ். இந்த வீதிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளே பெயர். துணிக்கடை, செருப்புக்கடை, பாத்திரக்கடை என்று கண்ணைப் பறிக்கும் கடைகளுக்கு நடுவே இந்த இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. சாதாரண மேஜை, சாதாரண நாற்காலி, வெள்ளை உடுப்பில் சர்வர்கள். தோசை, ஆம்லெட், ரொட்டி டோஸ்ட், காபி. அவ்வளவுதான். இதற்கா இத்தனை பீடிகை என்கிறீர்களா? இருங்கள். முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அத்தை நடந்த வழி

என் அத்தை புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். பெண்களுக்கென்று அங்கே அரசு கலைக் கல்லூரி 1968-ல் ஆரம்பமானது. இன்று அதற்குப் பாரதிதாசன் பெயர். ஆரம்பமாகிச் சில வருஷங்களுக்குள் அத்தை அதில் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான்.

தினமும் மார்க்கெட் வழியாகத்தான் நடை. திரும்பி வரும்போது தாத்தா சொன்ன காய்கறியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு கையில் புத்தகம், மறு கையில் பை. காபி ஹவுஸைத் தாண்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து வாசனை வருமாம். கூடவே சிரிப்புச் சத்தம். அவள் வயதுப் பையன்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி விவாதம் செய்வார்களாம்.

“அவங்க அப்படி என்னதான் பேசறாங்கன்னு ஒரு நாள் போய்க் கேக்கணும்னு தோணும்டி. கேக்கவே இல்லை” என்பாள்.

“யாராவது வரக்கூடாதுன்னு சொன்னாங்களா அத்தை?”

“ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். யாரும் சொல்லாமலே நான் போகலை.”

ஒரே ஒரு தடவை, சிநேகிதி ஒருத்தியுடன் வேறொரு ஹோட்டலுக்குப் போனாளாம். ‘பெண்கள் உள்ளே போங்கள்’ என்று திரைச்சீலை தொங்கும் ஓர் அறையைக் காட்டினார்களாம். மின்விசிறி இல்லை, ஜன்னல் இல்லை. மரியாதை என்ற பெயரில் ஒரு சிறை! வேர்த்து வழிய இட்லியைத் தின்றுவிட்டு ஓடி வந்தவள், கல்லூரிப் படிப்பு முடியும் வரையில் வெளியே காபி குடிக்கவில்லை.

அத்தை நுழையாத அந்தக் காபி ஹவுஸ் எப்படி வந்தது தெரியுமா? நாம் வாசிக்கும் தொடர்கதைகளுக்குச் சற்றும் குறையாத கதை அது.

வேலை போன சர்வர்கள்

நம் நாட்டுக்குக் காபி வந்ததே ஒரு கதை. பாபா புதான் என்ற பெரியவர் மெக்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், அரேபியாவிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. பிற்பாடு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மலை மலையாகப் பயிரிட்டார்கள். 1930-களில் உலகமெங்கும் மந்தம். காபி விலை சரிந்தது. வெளிநாட்டில் வாங்க ஆள் இல்லையென்றால் உள்நாட்டில் குடிக்க ஆள் வேண்டுமே! அதற்காகவே 1935-ல் ஒரு சட்டம் போட்டு, காபி வரிக் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார்கள். அந்தக் கமிட்டி 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் ‘இந்தியா காபி ஹவுஸை’த் திறந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல்கள் நின்றன. 1942-ல் காபி போர்டு முழு அதிகாரத்துடன் அமைந்தது. நாடெங்கும் ஏறக்குறைய ஐம்பது காபி ஹவுஸ்கள் அதன் கையில் இருந்தன. ஜனங்களைக் காபிக்குப் பழக்குவதுதான் அவற்றின் வேலை. தமிழ்நாட்டில் மட்டும் அந்தச் சிரமம் அதிகம் தேவைப்படவில்லை. ‘காபி குடித்துக் குடும்பமே கெடுகிறது’ என்று நம் பத்திரிகைகள் அதற்கு முன்பே புலம்பத் தொடங்கியிருந்தன. நம் வீடுகளில் பழைய சோற்றை ஓரங்கட்டிவிட்டுப் பித்தளை பில்டர் அடுப்படியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது!

1950-களின் நடுவில் போர்டின் கொள்கை மாறியது. காபி ஹவுஸ்களை மூடிவிடுவது என்று முடிவு. விளம்பர வேலை முடிந்துவிட்டதாம். கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியில் எத்தனை குடும்பங்களின் உலை அணைகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். சர்வர், சமையல்காரர், பாத்திரம் தேய்ப்பவர் எல்லோருக்கும் வீட்டில் ஒரு மனைவி, நாலு குழந்தைகள். மாதம் முதல் தேதியை எதிர்பார்த்திருக்கும் அரிசிக் கடை பாக்கி. ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்ற செய்தியைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் வீட்டு வாசற்படி ஏறும்போது, அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்த பெண்கள் நம்மில் இல்லையா?

தொழிலாளிகள் போனது ஏ. கே. கோபாலனிடம். கேரளத்துக் கம்யூனிஸ்டுத் தலைவர், பார்லிமெண்ட் அங்கத்தினர். 1936-ல் மலபாரிலிருந்து சென்னை வரையில் பட்டினி ஊர்வலத்தை நடத்திக் காட்டியவர். வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதோடு நிற்காமல், கடைகளையே எங்களிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கும்படி அவர் தைரியம் கொடுத்தார். தட்டு ஏந்தியவர்களே முதலாளி ஆவதா? சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நடந்தது.

1957 ஆகஸ்டு 19-ந் தேதி பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே வருஷம் அக்டோபர் 27-ல் புது டில்லியில் முதல் ‘இந்தியன் காபி ஹவுஸ்’ திறந்தது. ‘இந்தியா’ என்பது ‘இந்தியன்’ ஆயிற்று; ஓரெழுத்துத்தான் கூடியது. ஆனால் கல்லாப் பெட்டியின் சாவி சர்க்கார் கையிலிருந்து சர்வர் கைக்கு மாறிவிட்டது! 1958 முடிவதற்குள் திருச்சூர், தலைச்சேரி, லக்னோ, நாகபுரி, ஜபல்பூர், பூனா, பம்பாய், கல்கத்தா என்று வரிசையாகத் திறந்தார்கள். அந்த வரிசையில் ஒன்றுதான் நம் புதுச்சேரி.

இரண்டு கொடிகளுக்கு நடுவே

1958-ல் புதுச்சேரி எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரவேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தத்துக்குப் பிரான்ஸ் முழுச் சம்மதம் கொடுத்து, சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்டு 16-ல்தான். நடுவில் எட்டு வருஷம். பெண் புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பதிவு மட்டும் பாக்கி என்பது போன்ற நிலைமை!

அந்த நடுக்காலத்தில்தான் தொழிலாளிகளின் காபி ஹவுஸ் இங்கே வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’க்களும், லிசேயில் படித்துவிட்டு மூக்கால் பேசும் இளைஞர்களும், மார்க்கெட் மண்டிக்காரர்களும் புழங்கிய ஊர் அது.

காபிக்கும் பிரான்ஸுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. நீங்கள் வீட்டில் காபிப் பொடி அரைக்கும்போது ‘சிக்கரி எவ்வளவு?’ என்று கடைக்காரர் கேட்கிறாரே, அந்தப் பழக்கம் வேரூன்றியது பிரான்ஸில்தான். 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்துக்கு எதிராக வர்த்தகத் தடை போட்டான். காபிக் கொட்டை கிடைப்பது கஷ்டமாயிற்று. சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடித்துக் கலந்து சமாளித்தார்கள். தடை போயிற்று, பழக்கம் நின்றுவிட்டது. வீட்டுச் செலவில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க நீங்கள் செய்யும் உபாயத்தை ஒரு சாம்ராஜ்யமே செய்திருக்கிறது. பெருமைப்படுங்கள்!

சர்வகலாசாலை இல்லாத ஊரில்

புதுச்சேரிக்கு 1985-ல்தான் சொந்தமாக ஒரு பல்கலைக் கழகம் வந்தது. அதுவும் ஊருக்கு வடக்கே, கடற்கரையோரக் காலாப்பட்டில். அதற்கு முன்பு இங்கே கல்லூரிகள் இருந்தன. மருத்துவப் படிப்புக்கு 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பள்ளி ஒன்று இருந்தது. அதன் வழிவந்த கல்லூரிதான் இன்றைய ஜிப்மர். தாகூர் கலைக் கல்லூரி 1961-ல் ஆரம்பித்தது. பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் 1955-லிருந்து இருக்கிறது. மாணவர்கள் நிறைய. ஆனால் வெவ்வேறு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடிப் பேச ஒரு மைதானம், ஒரு மரத்தடி? அதற்குத்தான் ஒரு காபியின் விலையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

இது நம் ஊர் அதிசயம் மட்டும் அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் காபிக் கடைகளுக்கு ‘ஒரு பென்னிப் பல்கலைக் கழகம்’ என்றே பெயர். ஒரு பென்னி கொடுத்தால் காபியும் கிடைக்கும், பேப்பரும் கிடைக்கும், படித்தவர்களின் பேச்சும் கிடைக்கும். லாயிட்ஸ் என்ற உலகப் பிரசித்தி பெற்ற இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம்கூட லண்டனில் எட்வர்டு லாயிட் நடத்திய காபிக் கடையில் முளைத்ததுதான்.

ஆனால் அந்தப் ‘பல்கலைக் கழக’த்தில் பெண்கள் போய் உட்காரும் வழக்கம் இல்லை. 1674-ல் லண்டனில் ‘காபிக்கு எதிராகப் பெண்களின் மனு’ என்று ஒரு துண்டுப் பிரசுரமே வெளிவந்தது. கணவன்மார்கள் நாளெல்லாம் காபிக் கடையில் கிடந்து வீட்டுக்கு உதவாமல் போகிறார்கள் என்று அதில் புகார். எழுதியது நிஜமாகவே பெண்களா, அல்லது காபியைப் பிடிக்காத ஆண்பிள்ளைகளா என்று இன்னும் சந்தேகம். எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம். புகாரைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருந்தது: பெண்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்!

கல்கத்தாவில் காலேஜ் தெருக் காபி ஹவுஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிரே பிரஸிடென்ஸி கல்லூரி, பக்கத்தில் பல்கலைக் கழகம், சுற்றிலும் புத்தகக் கடைகள். 1876-ல் எழுந்த ஆல்பர்ட் ஹாலில் 1942-ல் காபி ஹவுஸ் வந்தது. சத்யஜித் ரே போன்றவர்கள் உட்கார்ந்து பேசிய இடம். 1958-ல் அதை மூடுவதென்று தீர்மானித்தபோது, கல்லூரிப் பேராசிரியர்களும் பல்கலைக் கழகப் பேராசிரியர்களும் சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். அதே வருஷம் மறுபடி திறந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற பேராசிரியர்கள் ஒரு காபிக் கடைக்காகப் பேனா எடுத்தார்கள் என்றால், பாடம் எங்கே நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஏழு சிநேகிதர்கள் அந்த ஹவுஸில் அடித்த அரட்டையை நினைத்து உருகும் பாட்டை மன்னா தே 1983-ல் பாடினார். வங்காளிகள் இன்றும் அதைக் கேட்டால் கண் கலங்குகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே கோப்பை

காபி ஹவுஸின் கோப்பையில் இன்னொரு விசேஷம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் பழைய ஹோட்டல்களை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பல ஹோட்டல்களில் இன்ன ஜாதியாருக்கு இந்தப் பகுதி என்று பிரித்து வைத்திருந்தார்கள். ‘பிராமணாள்’ என்ற எழுத்து பலகையில் இருக்கும். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கவேண்டும் என்று பெரியார் கிளர்ச்சி நடத்தியது 1957-ல். பெங்களூரில் தொழிலாளிகள் சங்கம் அமைத்த அதே 1957!

காபி ஹவுஸில் இந்தத் தடுப்புகள் இல்லை. மண்டி வியாபாரிக்கும் கல்லூரி ஆசிரியருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை, ஒரே விலை, ஒரே மேஜை. முதலாளிக்கென்று தனி நாற்காலி போட முதலாளியே கிடையாது. சங்கத்தில் அங்கத்தினராக இருக்கும் தொழிலாளிகளே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வோட்டு. உங்களுக்கு காபி கொண்டுவந்து வைக்கிற மனிதருக்கும் கடையில் ஒரு பங்கு உண்டு என்றால், அவர் நிற்கிற தோரணையே கொஞ்சம் வேறு மாதிரி இருக்காதா?

எங்கோ கனடாவிலிருந்து வந்த ஓர் எழுத்தாளருக்கும் இந்த இடம் பிடித்துப் போயிற்று. யான் மார்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் 2001-ல் வெளிவந்து, மறு வருஷம் புக்கர் பரிசு பெற்றது. அந்தக் கதைக்குப் பிள்ளையார் சுழி போடும் இடமே நேரு வீதிக் காபி ஹவுஸ்தான். அங்கே ஒரு முதியவர், கேட்டால் கடவுள் நம்பிக்கை வந்துவிடும்படியான ஒரு கதை தம்மிடம் இருப்பதாகச் சொல்கிறார். நாவல் 2012-ல் ஆங் லீயின் சினிமாவாகவும் வந்து, அவருக்குச் சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசை வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டவர்கள் வந்து, எந்த மேஜை, எந்த மேஜை என்று தேட ஆரம்பித்தார்கள். கற்பனைக் கிழவர் உட்கார்ந்த மேஜையை நிஜ சர்வர் எங்கிருந்து காட்டுவார்? பாவம்!

அசையும் நாற்காலிகள்

எல்லாம் இன்பமாகவே போயிற்று என்று சொன்னால் பொய். டில்லி கனாட் பிளேஸில் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் கூடிய காபி ஹவுஸை, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் இடித்துவிட்டார்கள். ஒரு கப் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் என்றால் ஆட்சியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பயம்தான்.

இடிக்காமலேயும் இவை ஆட்டம் காணும். கணக்கு எளிது. மாணவன் ஒரு காபி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறான். அந்த நாற்காலியில் அதற்குள் ஐந்து பேரைச் சாப்பிட வைத்திருக்கலாம். விலையை ஏற்றினால் அவன் வரமாட்டான். ஏற்றாவிட்டால் பாலும் காபிக் கொட்டையும் எரிவாயுவும் கழுத்தைப் பிடிக்கும். பக்கத்திலேயே குளிர்ச்சாதன வசதியோடு, மெத்தை இருக்கையோடு புதுக் காபிக் கடைகள் வந்துவிட்டன. அங்கே ஒரு கோப்பையின் விலையில் இங்கே ஒரு குடும்பமே டிபன் சாப்பிட்டுவிடலாம். ஆனாலும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். குடும்பம் நடத்தும் நமக்கு இந்தக் கணக்குப் புரியும். வருகிறவர்களுக்கு வயிறாரப் போடவும் வேண்டும், மாதக் கடைசியில் கையில் நாலு காசு நிற்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பது சாமானியக் கலையா?

பெரிய மார்க்கெட்டுக்கும் இதே கவலை உண்டு. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, கடைக்காரர்கள் மறுப்புச் சொன்னார்கள். பழைய கூரை ஒழுகுகிறது, வழி குறுகல் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் இடத்தை விட்டுப் போனால் மறுபடி அதே இடம் கிடைக்குமா, வாடிக்கைக்காரர்கள் தேடி வருவார்களா என்பதுதான் அவர்கள் பயம். நாற்பது வருஷமாக ஒரே மூலையில் கூடை வைத்து விற்றவளுக்கு அந்த மூலைதானே சொத்து?

அத்தையின் மேஜை

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம். கோலப் பொடியும் பறங்கிப் பூவும் வாங்க அத்தையுடன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு அப்போது எழுபதை நெருங்கிவிட்டது. மாமா காலமாகி மூன்று வருஷம். முட்டி வலி. நேரு வீதியில் நடக்கும்போது சட்டென்று நின்றாள்.

“கால் கடுக்குது. எங்கயாவது உட்காரலாமா?”

எதிரே காபி ஹவுஸ். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பரீட்சை ஹாலுக்குள் போகிறவள் மாதிரி ஒரு மூச்சை இழுத்துவிட்டு, படியேறிவிட்டாள்.

உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் ஒரு பெரியவர் பேப்பரில் மூழ்கியிருந்தார். இன்னொரு மேஜையில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். சுடிதார் போட்ட ஒருத்தி மேஜையைத் தட்டித் தட்டி ஏதோ வாதம் செய்துகொண்டிருந்தாள். எதிரே இருந்த பையன் வாய் திறக்க முடியாமல் விழித்தான்.

வெள்ளை உடுப்பில் ஒரு சர்வர் வந்தார். நரைத்த மீசை. “என்ன சாப்பிடறீங்கம்மா?” என்றார்.

“ரெண்டு காபி போதும் தம்பி” என்றாள் அத்தை. அப்புறம் யோசித்து, “ஒரு தோசையும் கொண்டாங்க” என்றாள்.

காபி வந்தது. நிஜத்தைச் சொன்னால், வீட்டில் அத்தை போடும் காபிக்கு அது பக்கத்தில் நிற்காது. அத்தையும் ஒரு வாய் குடித்துவிட்டு, “பால் கொஞ்சம் அதிகம்” என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கும் வழியைக் காணோம். பையைக் காலடியில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அந்தச் சுடிதார்ப் பெண் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியது ஏதோ சினிமாவைப் பற்றி. கதாநாயகி அப்படிச் செய்தது சரியா தப்பா என்று.

“இதைத்தானாடி பேசறாங்க?” என்று என் காதில் கிசுகிசுத்தாள் அத்தை. “நான் என்னமோ உலகத்தையே மாத்தற விஷயம் பேசறாங்கன்னு இத்தனை வருஷம் நினைச்சிக்கிட்டிருந்தேன்!”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி சூடு என்றாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

பில்லை நான் எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுத் தன் சுருக்குப் பையைத் திறந்தாள். “இது என் கணக்கு” என்றாள்.

அதன் பிறகு அவள் மார்க்கெட்டுக்குப் போன நாட்களில் எல்லாம் வீட்டுக்கு வர அரை மணி தாமதமாகும். யாராவது கேட்டால், “மார்க்கெட்டில் கூட்டம்” என்பாள்.

நீங்கள் இருப்பது மதுரையாக இருக்கலாம், கோயமுத்தூராக இருக்கலாம், மாம்பலமாக இருக்கலாம். உங்கள் மார்க்கெட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே, யாரும் வேண்டாமென்று சொல்லாத, ஆனாலும் நீங்கள் ஒரு நாளும் ஏறாத ஒரு படி இருக்கும். அடுத்த தடவை பை கனக்கும்போது அந்தப் படியை ஏறிப் பாருங்கள். காபி நன்றாயில்லாவிட்டால் போகிறது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுப்பு எங்கேயும் ஓடிவிடாது!